மணலைக் கயிறாகத் திரித்த நுண்ணுயிர்கள்

நடக்க முடியாத காரியத்தை நடத்திக் காட்டுவதாகச் சொல்பவனை, 'மணலைக் கயிறாகத் திரிப்பான்' என்று நம் ஊர்களில் ஏளனமாகக் கூறுவதுண்டு. மணலின் இயல்பு அத்தகையது. ஈரம் உலர்ந்துவிட்டால் ஒரு துகள் மற்றொரு துகளோடு ஒட்டுவதில்லை. ஆனால் வட சீனாவில், தெங்கர் பாலைவனத்தின் தென்கிழக்கு ஓரத்தில், மணல் உண்மையாகவே இழைகளால் பின்னப்பட்டுக் கிடக்கிறது. அங்கே ஓர் இருப்புப்பாதையைக் காப்பதற்காக 1956இல் செடிகள் நடப்பட்டன. அந்தச் செடிகள்தாம் மணலைக் கட்டின என்று வெகுநாள் வரை எண்ணினார்கள். அது பாதிக் கதைதான். மீதிக் கதை கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பற்றியது.

முதலில் மணல் எவ்வாறு நகர்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தூசியைப் போல அது வானத்தில் பறப்பதில்லை. தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிகளில் ஆடிக் காற்றின்போது நடந்தவர்களுக்கு இது தெரியும். முகத்தைவிடக் கணுக்காலிலும் முழங்காலிலும்தான் மணல் சுள்ளென்று அடிக்கும். இதற்கான காரணத்தை முதன்முதலில் கணக்கிட்டுச் சொன்னவர் ரால்ஃப் பாக்னால்டு என்ற ஆங்கிலேய இராணுவப் பொறியாளர். லிபியப் பாலைவனத்தில் மோட்டார் வண்டியில் சுற்றித் திரிந்த இவர், பின்பு இலண்டனில் காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து அதில் மணலைப் பறக்கவிட்டு ஆராய்ந்தார். 1941இல் இவர் வெளியிட்ட நூல் இன்றும் இத்துறையின் மூல நூலாக இருக்கிறது.

பாக்னால்டு கண்டது இதுதான்: மணல் துகள் காற்றில் மிதப்பதில்லை, தாவுகிறது. ஓரளவு வேகத்துக்கு மேல் காற்று வீசும்போது துகள் தரையிலிருந்து எழும்புகிறது. காற்றின் வேகத்தைச் சிறிது பெற்றுக்கொண்டு சாய்வாக வந்து விழுகிறது. விழும் வேகத்தில், கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் பட்ட காய்கள் சிதறுவதைப் போல, வேறு சில துகள்களைக் கிளப்பி விடுகிறது. அவையும் தாவுகின்றன. இவ்வாறு ஒன்று பலவாகப் பெருகி மணல் வெள்ளமாகிறது. நகரும் மணலில் பெரும்பகுதி தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள்ளேயே இருப்பதற்கு இதுவே காரணம். இன்னொன்றையும் அவர் காட்டினார். தரையை ஒட்டிய காற்றின் இழுவேகம் இரு மடங்கானால் நகரும் மணல் இரு மடங்காவதில்லை. ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மணல் நகர்கிறது என்பதே பொருள். இதையே தலைகீழாகப் படித்துப் பாருங்கள். காற்றின் வேகத்தைத் தரையருகே பாதியாகக் குறைத்தால் போதும். மணலில் எட்டில் ஏழு பங்கு நின்றுவிடும்!

இக்கணக்கு தெரியாமலேயே இதைச் செய்தவர்கள் உண்டு. பிரான்சின் தென்மேற்கே கஸ்கோனிக் கடற்கரையில், வயல்களையும் ஊர்களையும் மூடிவந்த மணல்மேடுகளின் மேல் 1780களில் பிரெமோன்டியே என்ற பொறியாளர் பைன் விதைகளை விதைத்து, சுள்ளிகளால் மூடிக் காத்தார். பின்னாளில் அது பெருங்காடாயிற்று. ஆனால் கஸ்கோனியில் நல்ல மழை உண்டு. தெங்கரில் இல்லை.

இருப்புப்பாதையும் வைக்கோல் கட்டங்களும்

1950களில் சீன அரசு பாவ்தோ நகரையும் லான்சோ நகரையும் இணைக்கும் இருப்புப்பாதையை அமைத்தது. நிங்ஷியாப் பகுதியில் சோங்வெய் என்னும் ஊருக்கருகே, மஞ்சள் ஆற்றங்கரையில், ஷாபோத்தோ என்ற இடம் இருக்கிறது. அங்கே பாதை உயர்ந்த மணல் குன்றுகளின் நடுவே செல்ல வேண்டியிருந்தது. குன்றுகள் ஓரிடத்தில் நிற்பவை அல்ல. இயற்கையான செடிகொடிகள் நிலப்பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 186 மி.மீ. மட்டுமே. நம் சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் ஓரிரு நாளில் இவ்வளவு மழை பெய்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். நிலத்தடி நீரோ எந்தச் செடியின் வேரும் எட்ட முடியாத ஆழத்தில் இருக்கிறது. ஆகவே வானம் தரும் நீரைத் தவிர வேறு நீர் கிடையாது. இங்கே தண்டவாளத்தை மணல் மூடாமல் காப்பது எப்படி?

சீன அறிவியல் கழகம் அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தது. பல முறைகளைச் சோதித்த பின் வெற்றி பெற்ற முறை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. வைக்கோலை மணலில் பாதி புதைத்துப் பாதி வெளியே நீட்டுமாறு, சதுரங்கப் பலகையைப் போல, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டங்களாக நட்டார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஒரு சாணுக்கும் குறைவு. அவ்வளவுதான். ஆனால் தாவும் துகளுக்கு அது பெருமதில். கட்டத்துக்குள் காற்றின் வேகம் குறைகிறது. சில நாட்களில் ஒவ்வொரு கட்டத்தின் நடுவும் ஆழமில்லாத தட்டைப் போல் குழிந்து அந்த வடிவிலேயே நிலைத்துவிடுகிறது. அதன்பின் மணல் வெளியேறுவதுமில்லை, குவிவதுமில்லை. இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில், வகுப்பில் பரப்பின் சொரசொரப்பைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் நான் எடுத்துக்காட்டும் செய்தி இதுதான்.

வைக்கோல் நான்கைந்து ஆண்டுகளில் மக்கிப்போகும். அதற்குள் செடிகள் வேர் பிடித்தாக வேண்டும். எனவே கட்டங்களுக்குள் வறட்சி தாங்கும் புதர்களின் கன்றுகளை நட்டார்கள். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த காரகானா, ஹெடிசாரம், மாசிபத்திரிக்கு இனமான ஆர்ட்டிமீசியா ஆகியவை முக்கியமானவை. தண்ணீர் ஊற்றவில்லை. பாதையின் வடபுறம் 500 மீட்டர், தென்புறம் 200 மீட்டர் அகலத்தில், ஏறத்தாழ 16 கி.மீ. நீளத்துக்குக் காப்பு வனப்பட்டை உருவாயிற்று. 1958இல் இரயில் ஓடத் தொடங்கியது. 1988இல் சீன அரசு இப்பணிக்கு அறிவியல் தொழில்நுட்பத்துக்கான உயர்ந்த தேசியப் பரிசை வழங்கியது.

இந்தப் பட்டை முழுவதும் ஒரே ஆண்டில் நடப்படவில்லை என்பது ஆராய்ச்சிக்குக் கிடைத்த பேறு. 1956, 1964, 1981, 1987 என்று வெவ்வேறு காலங்களில் நட்ட பகுதிகள் அருகருகே இருக்கின்றன. பக்கத்திலேயே எதுவும் நடாத நகரும் மணலும் உண்டு. ஒரே நாளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தால், மண் பிறந்து வளரும் வரலாற்றை ஆண்டு வரிசையில் காணலாம்.

கருத்த ஏடு

நடந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது நிறம். நகரும் மணல் மஞ்சள். பழைய பகுதிகளில் புதர்களுக்கு இடையேயுள்ள வெற்றுத் தரை கருத்திருக்கிறது. கையால் மெல்லப் பெயர்த்தால் அப்பளம் போல ஓர் ஏடு உடைந்து வருகிறது. அதன் அடியில் மணல் துகள்கள் நூலில் தொங்குவதைப் போல் தொங்கிக்கொண்டிருக்கும். இதை மண் உயிர்ப்படலம் என்று கூறலாம்.

இப்படலத்தை முதலில் நெய்யத் தொடங்குவது நீலப்பச்சைப் பாசி. பாசி என்று பெயரே தவிர, இவை பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தவை, ஒளிச்சேர்க்கை செய்பவை. மைக்ரோகோலியஸ் என்னும் பாசி இவற்றுள் தலையானது. நுண்ணோக்கியில் பார்த்தால், பல இழைகள் முறுக்கிய கயிற்றைப் போல ஒரே வழுவழுப்பான உறைக்குள் சேர்ந்திருக்கும். உலர்ந்த காலத்தில் இவை அசையாமல் உறங்கும். மழைத்துளி விழுந்ததும் சில நிமிடங்களில் விழித்து, உறையை விட்டு வழுக்கி வெளியேறி, ஒளியை நோக்கி மணல் துகள்களின் நடுவே ஊர்ந்து செல்லும். போகிற வழியில் புதிய உறையைச் சுரக்கும். காய்ந்த பின் பழைய உறைகள் மணலில் ஒட்டியபடியே கிடக்கும். இவ்வாறு மழைக்கு மழை புதிய கயிறுகள் சேர்கின்றன. உயிர் போன பின்னும் கயிறு இருக்கும்! பழமொழி சொன்னவர் இதைக் கண்டிருந்தால் வேறு உவமையைத் தேடியிருப்பார்.

படலம் பிடித்த தரையில் துகள் தாவ முடியாது. அதோடு காற்றில் வரும் நுண்ணிய வண்டலும் களித்தூசியும் அதன் பிசுபிசுப்பில் ஒட்டிக்கொள்கின்றன. மணலாயிருந்தது மெல்ல மண்ணாகத் தொடங்குகிறது. பாசியைத் தொடர்ந்து பச்சைப் பாசிகள், கற்பாசிகள், கடைசியாகத் தரையோடு படரும் மாசுகள் என்னும் சிறு தாவரங்கள் வருகின்றன.

செடி வளர நைட்ரஜன் வேண்டும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அது இருந்தாலும், இரு நைட்ரஜன் அணுக்களையும் சேர்த்துப் பிடித்திருக்கும் மூவிணைப்பைப் பிரிக்கச் செடியால் இயலாது. மைக்ரோகோலியஸாலும் அது முடிவதில்லை. ஆனால் படலம் சற்று முதிர்ந்ததும் அங்கே குடியேறும் நாஸ்டாக், ஸைட்டோனீமா முதலிய பாசிகள் அதைச் செய்ய வல்லவை. நெல் வயலில் உரம் போடாமலேயே ஆண்டுதோறும் ஓரளவு விளைவது ஏன் என்ற கேள்விக்கு, நீலப்பச்சைப் பாசியே காரணம் என்று 1939இல் விடை கூறியவர் பி. கே. டே என்னும் இந்தியர். காசி இந்துப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆர். என். சிங், வட இந்தியாவின் 'ஊசர்' எனப்படும் உவர் நிலங்களை இதே பாசியைக் கொண்டு சீர்படுத்தலாம் என்று 1950இல் எழுதினார். ஷாபோத்தோவில் வைக்கோல் கட்டம் பதிப்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே வெளிவந்த செய்தி இது. மணலைக் கட்டுவோர் மரத்தை நாடினர். பாசியை நாடியவர்கள் வயலைப் பற்றி எண்ணினர். இரண்டும் ஒன்று சேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

எண்ணிப் பார்த்த கதை

ஏன் இவ்வளவு தாமதம்? நுண்ணுயிர்களை எண்ணும் முறையே நெடுங்காலம் பழுதாக இருந்தது என்பது முக்கியக் காரணம். 1880களில் ராபர்ட் காக் வகுத்த முறைப்படி, மண்ணை நீரில் கரைத்து, ஊட்டம் கலந்த கூழ்மத் தட்டில் தடவி, வளரும் புள்ளிகளை எண்ணுவார்கள். நோய்க்கிருமிகளுக்கு இது மிக நல்ல முறை. ஆனால் மண்ணில் வாழும் பாக்டீரியாக்களுள் பெரும்பாலானவை நாம் வைக்கும் உணவை விரும்புவதில்லை. நுண்ணோக்கியில் நூறு தெரிந்தால் தட்டில் ஒன்றுதான் முளைக்கும். இந்த முரண்பாட்டை 1985இல் ஸ்டேலி, கோனோப்கா என்ற இருவரும் அழுத்தமாக எடுத்துக்காட்டினர்.

வளர்க்காமலே அடையாளம் காண வழி உண்டா? 1977இல் அமெரிக்கரான கார்ல் வோஸ், எல்லா உயிர்களிலும் உள்ள ரைபோசோம் ஆர்.என்.ஏ.யை ஒப்பிட்டு உயிர்களின் உறவுமுறையை வரையலாம் என்று காட்டினார். 1990இல் நார்வே நாட்டு விக்டிஸ் டோர்ஸ்விக் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் வேறொரு வழியில் சென்றனர். இதன் அழகுக்காகவே இதைச் சற்று விளக்க விரும்புகிறேன். காட்டு மண்ணிலிருந்து எல்லா பாக்டீரியாக்களின் டி.என்.ஏ.யையும் ஒட்டுமொத்தமாகப் பிரித்தெடுத்துச் சூடாக்கினார்கள். டி.என்.ஏ.யின் இரு புரிகளும் பிரிந்தன. பின் குளிரவிட்டார்கள். ஒவ்வொரு புரியும் தன் இணையைத் தேடி மீண்டும் சேர வேண்டும். கல்யாண மண்டப வாசலில் ஒரே வகைச் செருப்புகள் கிடந்தால் ஏதேனும் இரண்டை எடுத்துச் சேர்த்துவிடலாம்; ஆயிரம் வகை கிடந்தால் சோடி சேர்க்க நேரமாகும் அல்லவா? டி.என்.ஏ. சோடி சேர எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்து, அந்த மண்ணில் ஏறத்தாழ 4,000 வகை பாக்டீரியாக்களுக்கு ஈடான வேற்றுமை உள்ளது என்று கணக்கிட்டனர். ஒருபிடி மண்ணைப் பற்றி அதுவரை யாரும் இவ்வளவு பெரிய எண்ணைத் துணிந்து சொன்னதில்லை.

பின்னர் டி.என்.ஏ. வரிசையை விரைவாகப் படிக்கும் இயந்திரங்கள் வந்தன. அவற்றைக் கொண்டு ஷாபோத்தோவின் வெவ்வேறு வயதுப் படலங்களை ஆராய்ந்த முடிவுகள் 2017இல் வெளியாயின. நகரும் மணலிலும் உயிர் இல்லாமலில்லை. அங்கே மிகுந்திருந்தவை பாசில்லஸ் போன்றவை. இவை கெட்ட காலத்தில் கெட்டியான வித்துகளாக மாறி உறங்கக் கூடியவை. படலம் பிடித்த பின் இவை பின்தங்கி, ஆக்டினோபாக்டீரியாக்களும் புரோட்டியோபாக்டீரியாக்களும் முன்னே வந்தன. கோடை மழையில் எழும் மண் வாசனைக்குக் காரணமானவை ஆக்டினோபாக்டீரியாக்களே என்பதை வாசகர்கள் அறிந்திருக்கலாம்.

இன்னும் முக்கியமான முடிவு ஒன்று உண்டு. பாக்டீரியாக்களின் எண்ணிக்கையும் வகைப்பெருக்கமும் படலம் தோன்றிய 15 ஆண்டுகளிலேயே உச்சத்தை எட்டிவிட்டன. மரம் வளரும் வேகத்தோடு ஒப்பிட்டால் இது மிக விரைவு. ஆனால் இதைக் கொண்டு 15 ஆண்டுகளில் மண் நலம் பெற்றுவிட்டது என்று முடிவு கட்டினால் ஏமாந்து போவோம். வகைகள் நிறைந்துவிட்ட பின்னும் மண் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. மேலேயுள்ள சில செ.மீ. மண்ணில் வண்டலும் மக்கும் நைட்ரஜனும் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றன. அதற்குக் கீழே மாற்றம் மிகமிக மெதுவாகவே நிகழ்கிறது. கணக்கெடுப்பில் தலைகளை எண்ணுவது ஒன்று. குடியிருக்கும் வீடு கட்டி முடிந்ததா என்று பார்ப்பது வேறொன்று.

வேருக்குள் ஓர் உடன்படிக்கை

இதுவரை தரையின் மேற்பரப்பைப் பார்த்தோம். வேரிலும் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. ஷாபோத்தோவின் காரகானாவும் ஹெடிசாரமும் அவரைக் குடும்பம் என்றேன். அவற்றின் வேர் முடிச்சுகளில் நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. நம் உளுந்து, நிலக்கடலை வேர்களில் இருப்பதைப் போலத்தான். ஆனால் மணல் கட்டும் மரங்களுள் பெரிய புகழ் பெற்ற பைனும் சவுக்கும் அவரைக் குடும்பம் அல்ல. அவை பஞ்சை மணலில் பிழைப்பது எப்படி?

இக்கேள்வியில் ஒரே மனிதரின் பெயர் இருமுறை வருகிறது. 1880களில் பிரஷ்ய அரசு, விலை உயர்ந்த உணவான டிரஃபில் காளானைப் பயிரிட முடியுமா என்று ஆராயுமாறு ஆல்பர்ட் பெர்ன்ஹார்டு ஃபிராங்க் என்ற தாவரவியலாரைப் பணித்தது. காளானைப் பயிரிடும் வழி அகப்படவில்லை. அதைவிடப் பெரியது அகப்பட்டது. காட்டு மரங்களின் நுனி வேர்களைப் பூஞ்சை இழைகள் உறை போட்டாற்போல் போர்த்தியிருப்பதை அவர் கண்டார். இது நோயன்று, கூட்டு வாழ்க்கை என்று அறிவித்து, 1885இல் அதற்கு மைக்கோரைசா, அதாவது பூஞ்சைவேர், என்று பெயரிட்டார். பூஞ்சை தொலைவிலிருந்து நீரையும் பாஸ்பரஸையும் கொண்டுவருகிறது. மரம் சர்க்கரையைக் கூலியாகத் தருகிறது. அக்காலத்தில் பலர் இதை நம்பவில்லை. பைன் நாற்றுகளைக் கிருமி நீக்கிய மண்ணிலும் நீக்காத மண்ணிலும் வளர்த்து, நீக்கிய மண்ணில் அவை நலிவதை ஃபிராங்க் காட்டினார். பிற்காலத்தில் போர்ட்டோ ரிக்கோத் தீவில் பைன் கன்றுகள் எத்தனை முறை நட்டும் நோஞ்சானாகவே நின்றன. 1955இல் வட அமெரிக்கப் பைன் காட்டிலிருந்து கொஞ்சம் மண்ணைக் கொண்டுவந்து இட்ட பிறகே அவை தழைத்தன.

1886இல் ஃபிராங்கின் மாணவர் புருன்கார்ஸ்ட், ஆல்டர் என்னும் மரத்தின் வேர் முடிச்சுகளில் வாழும் உயிருக்குத் தம் ஆசிரியரின் நினைவாக ஃபிராங்கியா என்று பெயர் சூட்டினார். பெயர் வைத்தாயிற்றே தவிர, அதைத் தனியே பிரித்து வளர்க்க ஒருவராலும் முடியவில்லை. 92 ஆண்டுகள் கழித்து, 1978இல்தான் அமெரிக்காவில் ஜான் டோரியும் அவரோடு பணியாற்றியவர்களும் அதில் வெற்றி பெற்றனர். சவுக்கு மரத்தின் வேர் முடிச்சில் இருப்பதும் ஃபிராங்கியா இனமே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணக் கடற்கரையில் விறகுக்காகச் சவுக்கைப் பரப்பியவர்கள், தங்களை அறியாமலே இந்த நுண்ணுயிரையும் சேர்த்தே பயிரிட்டிருக்கிறார்கள். 1950களிலிருந்து தென் சீனக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான கி.மீ. நீளத்துக்கு மணலைத் தடுக்கும் சவுக்குப் பட்டைகள் எழுந்ததற்கும் இந்தக் கூட்டாளியே துணை.

கூட்டாளி இருந்தால் மட்டும் போதுமா? வடகிழக்குச் சீனாவின் லியாவோனிங் மாநிலத்தில் சாங்குதாய் என்ற இடத்தில் 1955இல் மங்கோலியப் பைன் நடப்பட்டது. மணல் நின்றது, காடு செழித்தது, நாடெங்கும் முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. 1990களின் தொடக்கத்தில், முப்பது முப்பத்தைந்து வயதான மரங்களின் ஊசியிலைகள் மஞ்சளாகி நுனி காயத் தொடங்கின. இதே மரம் தன் தாயகமான வடக்குக் குளிர்ப்பகுதியில் நூறாண்டைத் தாண்டி வாழ்கிறது. விதை விழுந்து தானே முளைக்கிறது. சாங்குதாயிலோ இளங்கன்றுகள் தாமாக எழவில்லை. நெருக்கமாக நட்டது, நிலத்தடி நீர் இறங்கியது, நோய்ப் பூஞ்சை தாக்கியது எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. ஒரே இன மரம் மட்டும் நின்ற காட்டில், அம்மரத்துக்கு வேண்டிய பூஞ்சைகள் மட்டுமே பெருகும் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நட்டவர்களைக் குறை கூறுவது எளிது. அவர்களுக்கு அன்று வேண்டியிருந்தது மணல் நிற்பது, அது நின்றது.

நீருக்கு நேர்ந்த போட்டி

ஷாபோத்தோவுக்குத் திரும்புவோம். அங்கேயும் எதிர்பாராதது நடந்தது. தொடக்கத்தில் புதர்கள் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மூடின. நாற்பது ஆண்டுகளில் இது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆழமாக வேர்விடும் காரகானா ஒவ்வொன்றாகப் பட்டுப்போயிற்று. பூச்சியோ நோயோ காரணமல்ல. காரணம் காலடியில் இருந்தது. நாம் இதுவரை புகழ்ந்த அதே படலம்!

இதன் இயற்பியல் எளிது. வெறும் மணலில் துகள்களின் இடைவெளி பெரிது. மழைநீர் விரைந்து உள்ளே இறங்கிவிடும். மேலே உள்ள சில அங்குல மணல் காய்ந்ததும், நுண்புழை இணைப்பு அறுந்து, கீழேயுள்ள ஈரம் ஆவியாகாமல் மூடி போட்டாற்போல் காக்கப்படும். வெறும் மணற்குன்றைச் சற்றுத் தோண்டினால் ஈரம் தென்படுவது இதனால்தான். படலம் வந்து, வண்டலும் களியும் சேர்ந்ததும் இடைவெளிகள் சிறுத்துவிடுகின்றன. தூறலாகப் பெய்யும் மழையைப் படலமே பஞ்சு போல் உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு நாள் வெயிலில் அது ஆவியாகிறது. அப்பகுதியின் மழையில் பெரும்பாலானவை இத்தகைய சிறு மழைகளே. எனவே ஆழத்துக்குப் போகும் நீர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. ஆழ வேர்ப் புதர் தாகத்தால் மெலிந்தது. மேல் வேர்ப் புற்களும், மழை வந்ததும் முளைத்துச் சில வாரங்களில் விதைத்து மடியும் சிறு செடிகளும் அந்த இடத்தைப் பிடித்தன.

இதைத் தோல்வி என்று எழுதுவோரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதர் குறைந்த பின்னும் அங்கே மணல் நகரவில்லை, இரயில் நிற்கவில்லை. புதர் செய்த வேலையைப் படலம் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் பசுமையின் பரப்பை மட்டும் மேலிருந்து அளந்து, குறைந்துவிட்டதே என்று மீண்டும் நெருக்கமாக மரம் நட்டால், தோண்டும்போது படலம் உடையும். நட்ட மரத்துக்கு நீரும் கிடைக்காது. 1978இல் தொடங்கி 2050 வரை நடக்கவிருக்கும் சீனாவின் 'மூன்று வடக்குகள்' காப்பு வனத்திட்டத்தில் இந்த வாதம் வெறும் ஏட்டு வாதமன்று. எந்த இடத்தில் எத்தனை மரத்தை மழை தாங்கும் என்ற கணக்கு, கோடிக்கணக்கான கன்றுகளின் வாழ்வையும் சாவையும் முடிவு செய்வது.

படலத்தின் பலவீனம் வேறு. காற்றை எதிர்த்து நிற்கும் அது, கால்நடையின் குளம்புக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் நிற்பதில்லை. காய்ந்த படலத்தை மிதித்தால் நொறுங்கும். நொறுங்கிய இடத்தில் காற்று உளி வைத்ததுபோல் குடையத் தொடங்கும். அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பாலைவனப் பூங்காக்களில், பாதையை விட்டு இறங்காதீர் என்று பார்வையாளர்களை எச்சரிக்கும் பலகைகள் இதற்காகவே வைக்கப்பட்டுள்ளன. மணல் சறுக்கவும் ஒட்டகச் சவாரி செய்யவும் சுற்றுலாப் பயணிகள் திரளும் இடமாக ஷாபோத்தோ இன்று மாறியிருப்பது எனக்குச் சற்றுக் கவலை தருகிறது.

2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் சீன விஞ்ஞானிகள் வரிசையை மாற்றிப் பார்த்தனர். உள் மங்கோலியாவின் மணலில், மைக்ரோகோலியஸ், ஸைட்டோனீமா ஆகியவற்றைத் தொட்டிகளில் பெருக்கி, கூழாக்கி, நாற்றங்காலுக்குத் தண்ணீர் தெளிப்பது போல் மணல் மேல் தெளித்தார்கள். இயற்கையில் ஆண்டுக்கணக்கில் எடுக்கும் படலம் சில வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பிடித்தது. ஷாபோத்தோவில் வைக்கோல் முதலில் வந்தது. புதர் அடுத்து வந்தது. பாசி தானாகக் கடைசியில் வந்து சேர்ந்தது. இங்கே பாசியை முதலில் கொண்டுவந்திருக்கிறார்கள்.